வால்டேர் வெயிலுக்கு ஒரு தந்தி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் தோழி ஜெபமணி வால்டேரில் படிக்கிறாள். சென்ற மே விடுமுறையில் போடிக்கு வந்தபோது சொன்னாள். எழுதட்டுமா என்றேன். “பொய் சேக்காம எழுது” என்றாள். அந்த நிபந்தனைதான் என்னைப் படுத்துகிறது.

முதல் தொடக்கம்: மேகம் மூடிய மலையுச்சியில், சோகம் ததும்பும் விழிகளோடு ஒரு

(அடித்துவிட்டேன். ஜெபமணிக்குச் சோகம் வராது. வந்தால் பசியாக இருக்கும்.)

இரண்டாவது: 1957 ஜூன். போடிமெட்டுக்கு மேலே* ஓர் ஏலத் தோட்டத்தில் அவள் அப்பா சுந்தரராஜ் மேலாளர். மதுரையில் இண்டர்மீடியட் முடித்திருந்த மகளுக்கு மதுரையிலும் இடம் கிடைத்தது, ஆந்திராவில் கடலோர வால்டேரிலும் கிடைத்தது. வால்டேரிலிருந்து சனிக்கிழமைக்குள் தந்தியில் பதில் கேட்டிருந்தார்கள். கடிதம் வந்ததே வெள்ளிக்கிழமை.

* 1956 நவம்பரிலிருந்து அது கேரளம். அயல் மாநிலத்தில் குடியிருந்துகொண்டு இன்னொரு அயல் மாநிலம் எதற்கு என்று அவள் அம்மா ஜெயபாக்கியம் கேட்டதில் நியாயம் உண்டு.

2

வெயிலே காணாத மலை என்பதால் அடுப்புக்கு மேலே கொடியில் காயும் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டபடி ஜெயபாக்கியம் கேட்டாள்: “மதுரையில இல்லாத படிப்பா?”

“படிப்பு ஒண்ணுதாம்மா. எனக்கு வெயிலு வேணும்.”

“வெயிலு வேணும்னா போடிக்கு எறங்கு. அங்க அடிக்காத வெயிலா?”

“போடி வெயில்ல நின்னா, யாரு மக இப்படி நிக்கிறான்னு நாலு பேரு கேப்பாங்க.”

(இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. வெயில் வேண்டும் என்றால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? ஆகவே அவளுக்கு இளைப்பு நோய் கொடுத்தேன், டாக்டரையும் வரவழைத்தேன். ஜெபமணி அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். “எனக்கு ஒரு நோயும் இல்லடி. ஆசைப்பட்டேன். அப்படியே எழுது.”)

ஆசைப்பட்டாள்.

3

சுந்தரராஜ் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு, “கடலு எந்தப் பக்கம்?” என்றார்.

“கெழக்கப்பா.”

“அப்ப வெள்ளனவே வெயிலு வந்துரும்.”

சம்மதம் அவ்வளவுதான். ஜெயபாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் அன்று பெய்த மழையில் சாலை சரிந்து, ஜீப்புகள் நின்றுவிட்டன. சனிக்கிழமை விடிந்ததும் அப்பாவும் மகளும் குறுக்குப்பாதையில் போடிக்கு நடந்தே இறங்கினார்கள். முதல் வளைவைத் தாண்டும்போது மேலேயிருந்து குரல் கேட்டது. ஜெயபாக்கியம் மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

“வெரசா நடங்க. தந்தி ஆபீசை அடச்சிரப் போறாங்க.”

ஜெபமணி நடக்கவில்லை, ஓடினாள். இரண்டு முறை விழுந்தாள், காலில் ஏறிய மூன்று அட்டைகளைப் பிய்த்து எறிந்தாள். முழங்கால்வரை சேறோடு தந்தி ஆபீசுக்குள் நுழைந்து, தாளை வாங்கி, ஆங்கிலத்தில் ‘வருகிறேன்’ என்று மட்டும் எழுதி நீட்டினாள்.

குமாஸ்தா பார்த்தார். “யாரு வர்றதுன்னும் எழுதும்மா.”

4

முடிவுகள் மூன்று எழுதினேன். மூன்றையும் அவள் அடித்துவிட்டாள். அங்கே போய் இறங்கியதும் முதலில் என்ன பேசினாய் என்றால் சிரிக்கிறாள், சொல்ல மறுக்கிறாள்.

எனவே எனக்குத் தெரிந்தவரை: புறப்படுமுன் போடியில், தெலுங்கு பேசும் எங்கள் அண்டை வீட்டாரிடம் அவள் தண்ணீர், எவ்வளவு, ஆமாம், வெயில் என்று நான்கு தெலுங்குச் சொற்கள் கற்றுக்கொண்டாள். வழியிலேயே இரண்டு மறந்துவிட்டன. வால்டேர் ஸ்டேஷனில் அப்பா பெட்டியோடு பின்னால் வர, அவள் முதலில் வெளியே வந்தாள். காலை வெயில் முகத்தில் விழுந்தது. ரிக்ஷாக்காரர் ஒருவர் ஏதோ கேட்டார். அவள் வாயைத் திறந்தாள்.

அவளிடம் இருப்பவை இரண்டே சொற்கள். அவை எவை என்று நீங்கள் சொல்லுங்கள்.