மூன்றாம் பகுதி மட்டும்

1

வலது கட்டைவிரலின் அடிமூட்டில் வலி. பகல் முழுக்க அட்டைப்பெட்டிகளின் வாயை அமுக்கி அமுக்கி டேப் ஒட்டியதில் ஏறிய வலி. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து, கைபேசியில் அதே விரலால்தான் அவள் எழுதுவாள்.

இந்தக் கதையை முதலில் வேறு மாதிரித் தொடங்கியிருந்தேன். "சாரத்திலிருந்து ஒருவர் விழும்போது சத்தமே வருவதில்லை" என்று. வரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய். சத்தம் வரும், கீழே நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அடித்துவிட்டேன். அடுத்து, "அவளுக்கு அண்ணன் என்றால்…" என்று ஒன்று. அதையும் விட்டேன். கடைசியில் விரல்தான் மிஞ்சியது.

கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். யாரோ எழுதிய தொடர் பதிவில் ஒரே ஒரு பகுதி. மேலே மூன்று என்று எண். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அதில் இருந்த விஷயம் வேறு. அது அறுந்து கிடந்த விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். தங்கை, அண்ணன், அண்ணி எல்லோரும் நான் கொண்டுவந்து வைத்த ஆட்கள்.

கூடவே ஒரு பயமும் வந்தது. எண் போட்டு எழுதுகிற எதையும் யாராவது பிய்த்துக்கொண்டு போகலாம். இதையும் போகலாம். அதனால் ஒரு ஏற்பாடு: எந்தப் பகுதியைப் பிய்த்தாலும் இந்த ஒரு செய்தி அதில் இருக்கும். அண்ணன் அன்று குடித்திருக்கவில்லை.

2

அண்ணன் சாரம் கட்டுகிறவர். மற்றவர்கள் ஏறி நின்று பூசவும் வர்ணம் அடிக்கவும் அவர் முதலில் ஏறி, கம்பியும் பலகையும் கட்டிக் கொடுக்கவேண்டும். கட்டிடம் முடிந்ததும் முதலில் கழற்றிப் போடுவதும் அவர் கட்டியதைத்தான். ஐந்தாவது மாடி உயரத்தில் ஒரு பலகை புரண்டது. விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்களில், அண்ணனோடு சேர்ந்து கட்டுகிற நெட்டை என்பவர், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தங்கையான அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ரெண்டு ஷிஃப்ட்டு தொடர்ந்து பாத்துட்டு மூணாவதுக்கு ஏறினாரு. உடம்பு கொதிச்சுது. கொஞ்சம் படுங்கண்ணேன்னேன். சூப்பர்வைசர் விடல. சேஃப்டி பெல்ட்டு ஸ்டோர்ல இருக்கு, ஸ்டோர் பூட்டிக் கெடக்கு. அந்தப் பலகைக்கு ஒரு பக்கம் கட்டே இல்ல, தங்கச்சி."

"இத லேபர் ஆபீஸ் விசாரணைல சொல்லுங்களேன்."

"என்னைக் கூப்பிடாதம்மா. நாளைக்கும் நான் அங்கதான் ஏறணும்."

சூப்பர்வைசர் அதற்குள் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டார்: குடித்திருந்தான், தள்ளாடினான், விழுந்தான். விசாரணையில் அது நிலைத்துவிட்டால் சாவு அண்ணனின் சொந்தத் தவறு என்று ஆகும். காலத்துக்கும் அப்படியே இருக்கும். அண்ணன் மகளிடம் பள்ளிக்கூடத்தில் அப்பா எப்படிச் செத்தார் என்று யாராவது கேட்டால், அந்தப் பதில்தான்.

அண்ணி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் சட்டைகளும் அதில் இருந்தன, அவற்றையும் மடித்தாள்.

"குட்டி, நீதான் ஃபோன்ல என்னமோ எழுதுறியே. நாலு பேரு படிக்கிறாங்கன்ன."

"நாலு பேரில்ல அண்ணி. ஆயிரக்கணக்குல."

"அப்ப எழுது. அவரு குடிக்கல. அவ்வளவுதான் எழுதணும்."

3

அவ்வளவுதான் எழுதியிருக்கவேண்டும்.

(இங்கே நிறுத்தினால் பகுதி அழகாக முடியும். வாசகரும் அடுத்ததற்குத் தாவுவார். அந்தப் புத்திதான் இந்தக் கதையில் கெடுதல் செய்தது, ஆகவே தொடர்கிறேன்.)

அவள் ஏற்கெனவே பேர் வாங்கியிருந்தாள். பேக்கிங் கூடத்தில் யார் எவ்வளவு நேரம் கழிப்பறையில் இருக்கிறார்கள் என்று வாசலில் நின்று கணக்கெடுக்கும் அதிகாரியைப் பற்றி ஒரு த்ரெட், அதாவது எண் போட்ட தொடர் பதிவு, போட்டாள். ஊரே சிரித்தது. அதில் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு பகுதியும் முடியாமல் முடியவேண்டும். ஒரு காலை வாசற்படிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். முழுசாகச் சொல்லிவிட்டால் ஆள் அங்கேயே இறங்கிப் போய்விடுவார்.

அண்ணனைப் பற்றி எட்டுப் பகுதி எழுதினாள். மூன்றாவது இப்படி:

"அன்று அண்ணன் தள்ளாடிக்கொண்டேதான் சாரத்தில் ஏறினார். கூட இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். 'குடித்திருந்தான்' என்கிறார் சூப்பர்வைசர். ஆமாம், அன்று அவர்…"

நான்காவது:

"…இரண்டு ஷிஃப்ட் முடித்துவிட்டு, காய்ச்சலோடு மூன்றாவதுக்கு ஏறினார். குடிக்கவில்லை. தலை சுற்றியது. பெல்ட் பூட்டிய அறைக்குள் இருந்தது. பலகையின் ஒரு முனை கட்டப்படவே இல்லை."

அந்த 'ஆமாம்' எதற்கு? எழுதும்போது இவளிடம் பலமுறை கேட்டேன். கூடப்பிறந்தவள் இப்படி எழுதுவாளா என்று எனக்கே சந்தேகம். இந்த இடத்தில் பாத்திரம் உடைகிறது என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் துக்கத்திலும் கை பழகின வேலையைப் பழகினபடிதான் செய்கிறது. அழுதுகொண்டே எழுதினாள். அழுதுகொண்டேதான் அந்த மூன்று புள்ளிகளையும் வைத்தாள்.

4

மூன்றாம் பகுதி தனியாகக் கிளம்பியது.

யாரோ அதை மட்டும் படம் பிடித்துப் போட்டார். அதை இன்னொருவர், அதை இன்னும் பத்துப் பேர். மறுநாள் மத்தியானம் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடும்போது, பக்கத்தில் இருந்த பெண் அந்தப் படத்தை அவளிடமே காட்டினாள், அவள் எழுதியது என்று தெரியாமல்.

கீழே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"மப்புல மேல ஏறினா கீழதான் வரணும்."

"கம்பெனிக்காரன் என்னய்யா பண்ணுவான் பாவம்."

"சொந்தத் தங்கச்சியே ஒத்துக்குது பாருங்க."

"உண்மையைச் சொன்ன துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன் சகோதரி."

கடைசியாக இருந்த அந்தப் பாராட்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு, வலிக்கிற விரலால் ஒவ்வொருவருக்காகப் பதில் எழுதினாள்: அடுத்ததையும் படியுங்கள், அண்ணன் குடிக்கவில்லை.

ஒருவர் கேட்டார்: "இப்ப எதுக்கு மாத்திப் பேசறீங்க? யாராவது மிரட்டினாங்களா?"

இன்னொருவர்: "எட்டுப் பார்ட்டெல்லாம் யாருங்க உக்காந்து படிக்கிறது. சுருக்கமா சொல்லுங்க."

மூன்றாம் பகுதியை அழித்தாள். அழித்ததும் நான்காவது, தலையில்லாமல், மூன்று புள்ளியோடு தொடங்கி நின்றது. படம் பிடித்தவர்களிடம் படம் இருந்தது. "அழிச்சிட்டா பாத்தீங்களா" என்று அதற்கு ஒரு சுற்று ஓடியது.

(எனக்கும் இதில் ஒரு ஆதங்கம் உண்டு. கடைசி வரைக்கும் படிக்க மாட்டார்கள் என்று அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தானே தூண்டில் போட்டாள்… இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சுலபமாக வருகிறது, அதனால்.)

5

விசாரணையின் முதல் அமர்வுக்கு அண்ணி தனியாகப் போனாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வரைவில் அண்ணி இவளை அறைந்ததாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அறைந்திருந்தால் இவளுக்கு லேசாகப் போயிருக்கும்.

"கம்பெனி ஆளு ஃபோன எடுத்தான். படிச்சான். நல்லா நிறுத்தி நிறுத்திப் படிச்சான்."

"அடுத்தது இருக்குன்னு சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன். காட்டுங்கன்னாரு ஆபீசரு. நான் தடவுறேன், தடவுறேன், எனக்கு வரல. அப்புறம் பாக்கலாம்மான்னு சொல்லிட்டாரு."

அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இவள் எழுந்து போய் இறுக்கிவிட்டு வந்தாள்.

"ஏன் குட்டி, அந்த வரிய அங்கயே முடிச்சா என்ன?"

"முடிச்சிட்டா அடுத்ததப் படிக்க மாட்டாங்க அண்ணி."

"ஓ."

அண்ணி யோசித்தாள். கோபமாகக்கூட இல்லை.

"நான் கதை கேக்கல. அவரு குடிக்கலன்னு எழுதச் சொன்னேன். உங்கண்ணன் ஒரு முடிச்ச பாதி போட்டுட்டு இறங்கி வந்திருப்பாரா?"

"தப்புதான் அண்ணி. நான் வேற ஒண்ணு எழுதுறேன். முழுசா. ஒரே பகுதியா."

"வேணாம். நீ எழுதுனதெல்லாம் போதும். அடுத்த தடவை என்கூட வா. அந்த ஆபீசர் மூஞ்சியப் பாத்து வாயால சொல்லு."

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராது அண்ணி."

"ஆயிரம் பேருகிட்ட சொல்ல வந்துச்சு."

6

இப்போது முடிவு. சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அதிகாரி எட்டுப் பகுதியையும் பொறுமையாகப் படித்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார். எட்டையும் படிக்கிற அதிகாரியை நான் எங்கும் பார்த்ததில்லை. கிழித்தேன்.

இன்னொன்றில் கதவைத் தள்ளிக்கொண்டு நெட்டை உள்ளே வருகிறார், எல்லாவற்றையும் சொல்கிறார். அவரை வரவைக்க எனக்கு ஒரு வரி போதும். அவருக்கு அது வேலை, வீட்டில் இருக்கிறவர்களின் சோறு. அவரை அவர் பாட்டுக்கு விட்டேன்.

நிறுவனம் வருத்தம் தெரிவிப்பதாக ஒன்று… அதை எழுதிக்கூடப் பார்க்கவில்லை.

ஆக, இருப்பது இவ்வளவுதான். பேக்கிங் கூடத்தில் கெஞ்சி ஒருநாள் லீவு வாங்கியிருக்கிறாள். நடைவழியில் ஒரு இரும்பு பெஞ்ச். அண்ணி ஒரு முனையில், இவள் மறு முனையில். எதிர்ச்சுவரில் சாய்ந்து கம்பெனி ஆள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவள் கைபேசி அணைத்து அண்ணியின் பைக்குள் கிடக்கிறது. அண்ணிதான் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"தண்ணி வேணுமா?" என்கிறாள் அண்ணி, முகத்தைப் பார்க்காமல்.

"வேணாம் அண்ணி."

"குரல் கம்முது. குடிச்சிட்டுப் போ."

கதவு திறக்கிறது. இறந்தவரின் தங்கை யார் என்று ஒருவர் கேட்கிறார். இவள் எழுந்து நிற்கிறாள். உள்ளே ஒரு மேசை, மூன்று முகங்கள். யாரும் விருப்பம் போடாத, யாரும் பகிராத ஒரு அறை.

அவள் பேசினாளா, பேச்சு அடைத்ததா, பேசியும் எடுபடவில்லையா, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் நான் சொல்லிவந்த அந்த ஒரு செய்தியை இதில் சொல்லவில்லை. மறதி இல்லை. இந்த அறையில் அதை நான் சொல்லக்கூடாது, அவள்தான் சொல்லவேண்டும்.

'ஆமாம், அன்று அவர்' என்று தொடங்கிய வாக்கியத்தின் மிச்சத்தை அவள் அண்ணிக்குத் தரவேண்டும். இன்னும் தரவில்லை.