மாமனார் போட்ட ஸ்விட்ச்

"படார்!"

கூடத்துச் சுவரின் அடியிலிருந்த ஸ்விட்ச் போர்டிலிருந்து நீலப் பொறி தெறித்தது. இஸ்திரிப் பெட்டியை அதில் செருகப் போன மருமகன் நாலடி பின்னால் பாய்ந்து, அதே வேகத்தில் ஓடிப்போய் மெயினை அணைத்தான். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வீடெங்கும் பரவியது. பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் மட்டும் அசையாமல் பக்கத்தைப் புரட்டினார்.

மூன்று மாதமாக அந்த போர்டு வண்டு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. யாரும் வாய் திறக்க முடியாது. ஏனென்றால் வீட்டிலிருந்த அத்தனை ஸ்விட்சுகளையும் மாற்றிப் போட்டவரே மாமனார்தான். ஓய்வு பெற்ற மறுவாரமே செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு களத்தில் இறங்கியவர். வேலை முடிந்ததும் குடும்பமே கைதட்டி, புகைப்படம் எடுத்து, உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தது.

மருமகன் ஒரே ஒரு முறை, ஏதோ சத்தம் வருகிறதே என்று இழுத்துப் பார்த்தான். அவர் "என்ன?" என்றார். மறுபடி சொன்னான். மறுபடியும் "என்ன?" பாவம், காது மந்தமாகிவிட்டது என்று வீடு அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது. அப்பா மனசு நொந்துவிடும் என்று மனைவி வேறு தடுத்துவிட்டாள். டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்துக் காலத்தை ஓட்டினார்கள்.

ஆனால் இப்போது குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. கூடத்திலேயே அதற்கு ரொம்பப் பிடித்த பொருள் அந்த போர்டுதான். இரைச்சல் கேட்டால் சிரித்துக்கொண்டே அதை நோக்கிப் போகும். இனி யார் மனசையும் பார்ப்பதில்லை என்று மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டான். மாமனார் மாலை நடைக்குப் படியிறங்கியதும் எலக்ட்ரீஷியனை வரவழைத்தான்.

அவர் போர்டைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு ஸ்க்ரூவும் ஒயரை இறுக்கிப் பிடிக்கவில்லை. முனைகள் கரிக்கட்டையாகியிருந்தன. "யாருங்க இந்த வேலையைப் பார்த்த புண்ணியவான்?" என்று அவர் கேட்ட நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. மறந்துபோன குடையை எடுக்க மாமனார் திரும்பி வந்திருந்தார்.

மருமகன் முந்திக்கொண்டான். ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்த ஆள் என்று, தனக்கே கேட்காத குரலில் உளறினான்.

மாமனார் கருகிய ஒயரைப் பார்த்தார். எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"ஃப்ரிட்ஜ் முடிஞ்சதும் என் ரூம் போர்டையும் பார்க்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. மூணு மாசமா ஒரே இரைச்சல், கண்ணை மூட முடியல."