மேஜைக்கடியில் எழுதிய பதிவேடு

முதல் அடி கதவுக்கு விழுந்தது, இரண்டாவது ஜன்னலுக்கு. அதற்கப்புறம்தான் மனிதர்களுக்கு விழ ஆரம்பித்தது.

வேதியியல் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், ஒரு வகுப்பறையில், மாணவர் சங்கத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தியது குடிமைப் பொறுப்புப் பாடம் படித்த மாணவர்கள். வகுப்பில் உட்கார்ந்து ஜனநாயகம் ஜனநாயகம் என்று கொட்டாவி விட்டது போதும், போய் ஒரு தேர்தலை நடத்திப் பாருங்கள் என்று பாடம் நடத்திய மேடம் அனுப்பிவிட்டார். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றது? ஆனால் இரும்புக் கம்பியோடு ஆறு பேர் வந்தால் என்ன செய்வது என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி கூட இல்லை.

அறைக்கு இரண்டு பேர் பொறுப்பு. ஓட்டுப் பெட்டிக்கு அதிகாரி, பீரங்கி. அவள் நூலக வாசலில் நின்று கூப்பிட்டால் விடுதியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான், அப்படி ஒரு குரல். பார்வையாளர் பென்சில். ஒல்லியாக இருந்ததற்கு வைத்த பெயரா, எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டிருந்ததற்கு வைத்த பெயரா, யாருக்கும் நினைவில்லை. முதல் வருஷத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவன் குறிப்பெடுப்பான், அவள் கேள்வி கேட்பாள்.

பார்வையாளருக்கு மேடம் கொடுத்திருந்த சட்டம் சின்னதுதான். "எதுலயும் தலையிடக் கூடாது. பார்த்ததை அந்தந்த நிமிஷத்துல எழுதணும். அடிச்சுக் கிறுக்கக் கூடாது. தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு, பக்கத்துல சரியானது, ஒரு கையெழுத்து." பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, நூலால் தைத்து, முத்திரை குத்திய பதிவேடு. ஒரு தாளைக் கிழித்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பிகளைக் கண்டதும் வெளியே வரிசையில் நின்றவர்கள் ஓட்டமாய் ஓடிவிட்டார்கள். பீரங்கி கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து, கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். தாழ்ப்பாள் கதவின் அடியில், தரையோடு தரையாக இருந்தது. குனிந்தால் கதவு திறந்துவிடும். யாராவது வந்து அதைக் கீழே தள்ளினால் போதும். பென்சில் அப்போது மேஜைக்கு அடியில் இருந்தான். எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு முழம் தள்ளி அந்தத் தாழ்ப்பாள் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது.

"டேய் பென்சில்! தாழ்ப்பாளைப் போடுடா!"

அவன் போகவில்லை. எழுதினான். ஐயோ, கேட்டால் வயிறு எரிகிறது, ஆனால் உண்மை அதுதான். பயத்தில் கால் செத்துப்போய்விட்டது, கை மட்டும் படித்த பாடத்தை விடாமல் ஓடியது. தலையிடக் கூடாது, எழுதணும். தலையிடக் கூடாது, எழுதணும்.

கதவு உடைந்து அவளோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. அவள் உருண்டு எழுந்து பெட்டியின் மேல் பாய்ந்து படுத்துக்கொண்டாள். இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள், ஒருவன் முதுகில் ஏறி மிதித்தான். அவள் பெட்டியை விடவில்லை, கத்துவதையும் விடவில்லை. கர்சீப்பால் முகத்தைக் கட்டியிருந்த ஒருவன், "இந்த வாயைத்தான்டா முதல்ல மூடணும்" என்று ஹாக்கி மட்டையை ஓங்கினான். ஓங்கிய வேகத்தில் கர்சீப் நழுவியது. சங்கத் தலைவர் பதவிக்கு நின்ற கேப்டன். மட்டை அவள் தாடையில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். கத்தல் பாதியில் நின்றது.

இரண்டு பற்கள் தரையில் சறுக்கி வந்து பென்சிலின் முழங்காலில் முட்டி நின்றன. அதையும் எழுதினான். "இரண்டு பல். கீழ் வரிசை."

பிறகு நடந்ததுதான் அக்கிரமம். பெட்டி மாடிப்படிக்குக் கீழே நொறுங்கிக் கிடந்தது. ஓட்டுச் சீட்டுகளில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பீரங்கி கள்ள ஓட்டுப் போட்டுப் பிடிபட்டாள், பெட்டியோடு ஓடும்போது படியில் உருண்டு விழுந்தாள் என்று கேப்டன் தரப்பு புகார் எழுதிக் கொடுத்தது. வரிசையில் நின்ற ஒருவருக்காவது வாய் வந்ததா? எல்லாருக்கும் அன்றைக்குத் திடீரென்று காய்ச்சல். பீரங்கிக்கோ தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், உறிஞ்சு குழாயில் கஞ்சி. மூன்று வாரத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே, வேறெங்கும் சேரவும் முடியாது.

"பதிவேடு எங்கப்பா?" என்று மேடம் கேட்டார்.

"அந்தக் கலாட்டாவுல தொலைஞ்சு போச்சு மேடம்."

அது அவன் தலையணை உறைக்குள் பத்திரமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்ப்பான். அவளைக் காப்பாற்றுகிற எல்லாம் அதில் இருந்தது. அவனை நாறடிக்கிற ஒரே ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை அவனே எழுதியிருந்தான், முத்து முத்தான கையெழுத்தில். கொடுத்தால் அவள் தப்பிப்பாள், இவன் எந்த முகத்தோடு அந்தப் பெஞ்சில் உட்காருவான்? நாளைக்குக் கொடுப்போம், நாளைக்குக் கொடுப்போம் என்று மூன்று வாரத்தையும் தின்றுவிட்டான்.

விசாரணை அன்று காலை, விடுதிக் குளியலறைக்குள் கேப்டன் வந்தான். கூட இரண்டு பேர். ஒருவன் கதவில் சாய்ந்து நின்றான், இன்னொருவன் பென்சிலின் பிடரியைப் பிடித்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கினான். மூக்கில் தண்ணீர் ஏறி உயிர் போகிற நேரத்தில் தூக்கினான்.

"புத்தகம் எங்கடா?"

"இல்ல... தொலைஞ்சு போச்சு..."

மறுபடி அமுக்கினார்கள். மூன்றாவது முறை தூக்கியபோது அவன் வாளியிலேயே வாந்தி எடுத்தான். விலாவில் ஒரு உதை விழுந்தது, அவன் ஈரத் தரையில் சுருண்டான். கேப்டன் அவன் வலது கைச் சுண்டுவிரலைச் செருப்புக்காலால் மிதித்து, சிகரெட்டை அணைப்பது போல் நிதானமாகத் திருகினான். எலும்பு உடைந்தது பென்சிலுக்கே கேட்டது.

"மேஜைக்கு அடியில இருந்தவன்தானே நீ?" கேப்டன் குனிந்து சிரித்தான். "அன்னிக்கே பார்த்தேன்டா. பாவம், நம்ம பையன்னு விட்டுட்டேன்." நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தான். "இவன்கிட்ட புத்தகம் இருந்தாலும் வெளிய எடுக்க மாட்டான். வாங்க போலாம்."

அவர்கள் போய் வெகுநேரம் அவன் தரையிலேயே கிடந்தான். விரல் வலித்தது, விலா வலித்தது. எல்லாவற்றையும் விட அந்த "நம்ம பையன்" வலித்தது. எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் அவன் மேல்! அடித்தவன் இவன் மேல் வைத்த நம்பிக்கை பொய்க்கவில்லை, கூப்பிட்டவள் வைத்த நம்பிக்கைதான் பொய்த்துப்போனது. அவன் எழுந்து, சொட்டச் சொட்ட அறைக்குப் போய், தலையணையோடு பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.

விசாரணை அறையில் நீளமான மேஜை, ஐந்து பேராசிரியர்கள். ஒரு பக்கம் இஸ்திரி போட்ட சட்டையில் கேப்டன். எதிர்ப் பக்கம் மேடமும் பீரங்கியும். அவள் முகம் ஒரு பக்கம் வீங்கி, பாதியாக இளைத்திருந்தாள். கையில் பேச்சுக்குப் பதிலாக ஒரு நோட்டு. ஈரச் சட்டையும் தலையணையுமாக வந்து நின்றவனைக் குழுத் தலைவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா நீ?"

"பார்வையாளர் சார். பதிவேடு என்கிட்டதான் இருந்துச்சு. தொலைஞ்சதுன்னு சொன்னது பொய்."

படித்தான். "11.14, கதவில் இரும்புக் கம்பியால் அடி. 11.15, ஜன்னல் கண்ணாடி உடைந்தது." ஒரு வரியைத் தாண்டினான். "11.18, கதவு விழுந்தது. ஆறு பேர். 11.19, அதிகாரி பெட்டியின் மேல் படுத்திருக்கிறார். கர்சீப் நழுவியது. கேப்டன். ஹாக்கி மட்டை..."

நாற்காலி சாய்ந்த சத்தம் மட்டும்தான் கேட்டது. கேப்டன் மேஜையைத் தாண்டிப் பாய்ந்து அவன் மூஞ்சியில் குத்தினான். மூக்கு உடைந்து ரத்தம் பக்கத்தின் மேல் கொட்டியது. "குடுடா நாயே!" என்று பதிவேட்டைப் பிடுங்கினான். பென்சில் அதை வயிற்றோடு அணைத்துக் கீழே படுத்துக்கொண்டான். முதுகில் உதை, தலையில் உதை. விடவில்லை. மேடம் தண்ணீர் ஜாடியைக் கேப்டன் தலையில் போட்டு உடைத்தார், ஆமாம், நம் மேடம்தான்! இரண்டு காவலாளிகள் வந்து அவனை இழுத்துப் போகும்வரை ஐந்து பேராசிரியர்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"போதும்ப்பா," என்றார் தலைவர். "இதுக்கு மேல சாட்சி வேண்டாம். அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. அதை இங்க வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

பென்சில் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றான். "ஒரு வரியை விட்டுட்டேன் சார்."

யாரையும் பார்க்காமல் படித்தான். "11.17, தாழ்ப்பாளைப் போடச் சொல்லி அதிகாரி என்னைக் கூப்பிட்டார். தாழ்ப்பாள் எனக்கு எட்டும் தூரம். நான் போகவில்லை."

"தலையிடக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்," என்றார் மேடம், ஜாடியின் கைப்பிடியை இன்னும் பிடித்தபடி. பென்சில் தலையை ஆட்டினான். "இல்ல மேடம். எனக்குப் பயம்."

பீரங்கி நோட்டில் ஏதோ எழுதி, தாளைக் கிழித்து, மேஜையின் மேல் அவன் பக்கம் தள்ளினாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அவசரமாக எடுத்தான்.

"11.17 இல்ல, 11.16. கடிகாரம் எனக்கு எதிர்லதான் இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் முழுசா உனக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்."

அவன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு உடைந்த விரலை மடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தான். பதினேழின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பதினாறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டான்.