பதினைந்தடி

நிலத் தரகர் நாராயணப்பன் வந்த நேரத்தில் அற்புதமேரி இட்லிக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏழரை மணி பெங்களூர் பஸ்ஸுக்கு முன்னால் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தால்தான் கூடை காலியாகும்.

"சித்த இறக்கி வைங்க மேரியம்மா" என்றார் அவர். "இனிமே நீங்க கூடை தூக்க வேண்டியதே இல்லேங்கற மாதிரி ஒரு சேதி கொண்டாந்திருக்கேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அவளுடைய வீட்டுப் பத்திரத்தின் நகல்.

"இத எங்க புடிச்சீங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீசுல கேட்டா குடுப்பாங்க. அது கெடக்கட்டும். கிழக்கு எல்லை என்னான்னு போட்டிருக்குது, படிங்க. உங்க ஊட்டுச் சுவருன்னா போட்டிருக்குது? கிணத்துச் சுவரு. அப்படின்னா நடுவுல போவுதே இந்தச் சந்து, இது யாருது?"

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் அற்புதமேரி. கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுத்தெழுத்தாகப் படித்தாள். அவர் சொன்னது சரிதான். அவள் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வயல் கிணற்றுச் சுவருக்கும் நடுவே ஒன்பதடி அகலத்தில் ஓடிய சந்து அவளுடையது. பத்து வருஷமாக எல்லாரும் பொது வழி என்று நினைத்து நடந்த சந்து.

அது 1968. பெங்களூர் ரோட்டை ஒட்டிய நிலத்துக்கெல்லாம் திடீரென்று ஆள் வந்துகொண்டிருந்த வருஷம். பேக்டரி வரப்போகிறது, மைசூர் எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ஓசூருக்குத்தான் முதலில் வரும் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். ரோட்டோரத்தில் அற்புதமேரியின் வீடு. அதன் பின்னால் கல்லாங்குத்து. உழவுக்கு ஆகாத பாறை நிலம், சர்க்கார் புறம்போக்கு. கல் உடைக்கிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் அதில் இருபத்தாறு வீடுகள் போட்டிருந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் அங்கே சண்டை நடக்கும். யாரிடமும் பட்டா கிடையாது. ரோட்டுக்கு வர அவர்களுக்கு இந்தச் சந்தை விட்டால் வேறு வழியும் கிடையாது. சுற்றியிருந்த வயல்களை நாராயணப்பன் பெங்களூர் முதலாளி ஒருவருக்கு ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டார்.

அற்புதமேரியின் நாலு சென்ட் மட்டும் பத்திரத்தோடு வாங்கியது. அவள் கணவன் யேசுராஜ் குவாரியில் வேலை செய்தவன். அவளுடைய நகையை விற்று வாங்கியதால் அவள் பெயரிலேயே எழுதச் சொன்னான். வீட்டைத் தன் கையாலேயே கல் மேல் கல் வைத்துக் கட்டினான். மூன்று வருஷத்துக்கு முன்னால் குவாரியில் பாறை சரிந்து இறந்துபோனான். இப்போது வீட்டில் அவளும் பதினாறு வயது மகள் மேரிராணியும்தான்.

நாராயணப்பன் சொன்ன விலை அவள் நினைத்தே பார்த்திராதது. அதோடு மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மனை.

"பின்னாடி இருக்கறவங்க?" என்று கேட்டாள்.

"அவங்கள யாரும் தொடப் போறதில்லீங்க. போலீசு வேணாம், கோர்ட்டு வேணாம். நீங்க எழுதிக் குடுங்க, நாங்க சந்துல ஒரு வேலி போடுவோம். வழி இல்லாத எடத்துல தண்ணிக் கொடத்தோட எத்தன நாளைக்கு ஏறிக் குதிப்பாங்க? கேஸு போட அவங்களுக்கு ஏது வசதி? தன்னால போயிடுவாங்க. அப்புறம் அந்தப் புறம்போக்க முதலாளி சர்க்கார்ல கேட்டு வாங்கிக்குவாரு."

யார் மனசும் நோகாத ஏற்பாடு என்று அவர் நிஜமாகவே நம்பினார். அற்புதமேரிக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. இருபத்தாறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பூட்டு, அதை அவள் கையால் பூட்டச் சொல்கிறார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பஸ் போய்விட்டிருந்தது. அன்றைக்குப் பாதி இட்லி மிஞ்சியது.

பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் அவளுக்கு வேண்டியவர்கள் என்று சொல்ல முடியாது. வண்டிக்காரர் கிருஷ்ணப்பனின் மனைவி நஞ்சம்மாவோடு இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை. நஞ்சம்மாவின் ஆடு முருங்கைக் கன்றைத் தின்றதில் ஆரம்பித்தது. ஆடு செத்துப்போன பிறகும் சண்டை சாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது கொழுந்தன் அருள்ஜோசப் வாசலில் காத்திருந்தான். கிருஷ்ணகிரியில் லாரி ஷெட்டில் வேலை செய்கிறவன். நாராயணப்பன் அவனைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார்.

"அண்ணி, இது ஆண்டவரு குடுத்த சந்தர்ப்பம். மேரிராணிய டீச்சர் டிரெய்னிங் சேக்கணும், ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணும். இட்லிக் கூடைய வச்சா இதெல்லாம் பண்ணப் போறீங்க?"

"பின்னாடி இருபத்தாறு ஊடு இருக்குது அருளு."

"அவங்க புறம்போக்குல குந்தியிருக்கறவங்க. இன்னிக்கில்லேன்னா நாளைக்குக் காலி பண்ணத்தான் போறாங்க. அண்ணன் செத்தப்போ அவங்கள்ல யாரு வந்து நின்னாங்க?"

"ராஜப்பனும் இன்னும் மூணு பேரும் உங்கண்ணனக் கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு இந்தச் சந்துலதான் ஓடுனாங்க, ஆஸ்பத்திரிக்கு. நீ அடுத்த நாளுதான் வந்த."

அருள்ஜோசப்பின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் முன்பணம் வாங்கிட்டேன் அண்ணி. குடும்பத்துல ஆம்பளன்னு நான் ஒருத்தன் இருக்கேன்னுதான் எங்கிட்ட குடுத்தாரு."

"திருப்பிக் குடுத்துடு" என்றாள். அவன் சாப்பிடாமலேயே பஸ் ஏறிப் போய்விட்டான்.

விற்காமல் இருந்தால் மட்டும் போதாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குப் பிறகு இடம் மேரிராணிக்குப் போகும். மேரிராணியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் விற்றுவிடுவான். நடுவில் அருள்ஜோசப் வழக்குப் போட்டாலும் போடுவான். யார் நினைத்தாலும் விற்க முடியாதபடி சந்தை என்ன செய்வது? இந்தக் கேள்வியோடு திங்கட்கிழமை பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள்.

அங்கே நிர்வாக அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர். பத்திரத்தை இரண்டு தடவை படித்தார்.

"தெருவுக்குன்னு பஞ்சாயத்துக்குத் தானமா எழுதிக் கொடுத்துடலாம்மா. அப்பறம் அது யாருக்கும் சொந்தம் இல்லே. உங்களுக்கும் இல்லே. நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேங்க."

"ஆனா ஒம்பதடிய தெருன்னு கூட்டத்துல ஒத்துக்க மாட்டாங்க. ஒரு லாரி போக வேண்டாமா? பதினஞ்சடி வேணும். அந்தப் பக்கம் அடுத்தவங்க கிணறு. மிச்ச ஆறடி உங்க வீட்டுக்குள்ளேருந்துதான் வரணும்."

மேஜை மேல் விரித்திருந்த பத்திரத்தை அவள் குனிந்து பார்த்தாள்.

"கட்டடம் நிக்கற இடத்த நாங்க வாங்கவும் முடியாது. முதல்ல இடிச்சுக் காலி பண்ணணும், ஓவர்சியர் அளந்து பாக்கணும், அப்பறம்தான் தீர்மானம். அது நிறைவேறும்னும் நான் உறுதி சொல்ல முடியாது, எட்டு மெம்பர் இருக்காங்க. எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?"

"இடிச்சுட்டு வந்து சொல்றேங்க" என்று பத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆறடிக் கயிறு ஒன்றை எடுத்துச் சந்துப் பக்கச் சுவரிலிருந்து உள்ளே நீட்டிப் பிடித்தாள். கயிற்றின் நுனி அடுப்பைத் தாண்டி, அரிசிப் பானையைத் தாண்டி, நடுச்சுவருக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. சமையலறை முழுவதும் போகும். மிஞ்சுவது ஒற்றை அறை.

"அப்பா கட்டுன சுவரும்மா இது" என்றாள் மேரிராணி. கண் நிறைந்துவிட்டது.

"நாம இருக்கணும்னுதான் கட்டுனாரு. இருக்கத்தான் போறோம்."

"வித்தா நான் டிரெய்னிங் போவலாம்."

அற்புதமேரி கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினாள். "உன்ன நான் படிக்க வைப்பேன். எப்படின்னு இப்பக் கேக்காத. ஆனா இத்தன பேரு வழிய மறிச்ச காசுல வேணாம்."

மறுநாள் காலையில் மேரிராணி பரணிலிருந்த பாத்திரங்களைத் தானே இறக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் அற்புதமேரி கல்லாங்குத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். நஞ்சம்மா முதலில் வேறு யாரையோ பார்த்துப் பேசினாள்.

"சும்மா யாராச்சும் சொந்த ஊட்ட இடிப்பாங்களா? எவ்வளவு வாங்கினாளாம், கேளுங்க."

"யாருக்காவவும் நான் இடிக்கல" என்று அற்புதமேரியும் வேறு யாரையோ பார்த்தே சொன்னாள். "என் கையால உங்கள வெரட்டப் பாக்கறாங்க. அது எனக்கு ஆவாது. நீங்க ஒண்ணு பண்ணணும். நான் இடிச்சப்புறம் நாராயணப்பன் இங்க வருவாரு, ஆளுக்குக் கொஞ்சம் காசு நீட்டுவாரு. வாங்கிட்டு எல்லாரும் கெளம்பிட்டீங்கன்னா நான் ஊட்ட இடிச்சது வீணு."

குவாரியில் கல் உடைக்கும் ராஜப்பன் எழுந்தான். "வர்ற அமாவாசைக்குக் குவாரி லீவுக்கா. கடப்பாறை நாங்க கொண்டாறோம்."

அமாவாசை அன்று காலையில் மண் வெட்டும் சத்தம் கேட்டுத்தான் அவள் வெளியே வந்தாள். சந்தின் வாயில் நாலு பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்தூண் ஏற்கெனவே நட்டாகிவிட்டது. மற்றவை ரோட்டோரம் கிடந்தன. நாராயணப்பன் கையில் ரசீது ஒன்றோடு நின்றார்.

"உங்க கொழுந்தனாரு கையெழுத்துங்க. முன்பணம் வாங்கியிருக்காரு."

"என் எடத்துக்கு அவன் எப்படி வாங்குவான்? அவன் பேரு எங்க இருக்குது?" பெட்டியிலிருந்து அசல் பத்திரத்தைக் கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். "கிழக்கு எல்லை கிணத்துச் சுவருன்னு நீங்கதானே எனக்குப் படிச்சுக் காட்டுனீங்க? நீங்க நிக்கறது என் எடம். குழிய மூடச் சொல்லுங்க."

குழி வெட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள். கல்லாங்குத்து ஆட்கள் கடப்பாறையோடு அவளுக்குப் பின்னால் வந்து நிற்பதைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். அற்புதமேரி நட்டிருந்த தூணைத் தோளால் தள்ளினாள். அசையவில்லை. மறுபடியும் தள்ளினாள். யாரோ பக்கத்தில் வந்து தோள் கொடுத்தார்கள். தூண் சாய்ந்து விழுந்த பிறகுதான் அது நஞ்சம்மா என்று கவனித்தாள்.

"தப்புப் பண்றீங்க மேரியம்மா" என்றார் நாராயணப்பன். கோபமாகச் சொல்லவில்லை. "பத்து வருசம் போனா இந்த எடம் என்ன விலை போவும் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் இப்பவே பண்றேன்."

சுவரில் முதல் அடியை அவளே போட்டாள். யேசுராஜ் நன்றாகக் கட்டியிருந்தான். சுவர் முழுக்க இறங்க மத்தியானம் தாண்டிவிட்டது. மேரிராணி ஓடுகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள். நடுவில் அற்புதமேரி கிணற்றுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கற்களைக் கிருஷ்ணப்பன் தன் வண்டியில் ஏற்றி வீட்டுக்குப் பின்புறம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மூன்றாம் நாள் ஓவர்சியர் டேப்போடு வந்தார். முன்பக்கம் பதினைந்தடி சரியாக இருந்தது. பின்மூலையில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்ததால் நாலு அங்குலம் குறைந்தது.

"நாலு அங்குலம்தானேம்மா, போகட்டும். நான் பதினஞ்சுன்னே எழுதிக்கறேன்."

"வேணாங்க. பின்னால எவனாச்சும் வந்து அளந்தான்னா?" கடப்பாறையை எடுத்து மூலைக் கல்லைப் பெயர்த்தாள். அவர் திரும்ப அளந்து எழுதும்வரை அங்கேயே நின்றாள்.

கூட்டம் நடக்க ஒரு மாதம் ஆனது. அதுவரை வெட்டவெளியில் கோணியைக் கட்டி அதன் கீழ் இட்லி அவித்தாள். மழை வந்த இரண்டு நாள் அடுப்பே பற்றவில்லை. கூட்டத்தன்று காலையிலிருந்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர் எதிர்த்தார்கள், ஐந்து பேர் சரி என்றார்கள். அந்த வாரமே ரிஜிஸ்டர் ஆபீசில் தானப் பத்திரத்தில் அற்புதமேரி என்று முழுப்பெயரையும் நிறுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. அவள் சொன்னபடியே நாராயணப்பன் கல்லாங்குத்துக்குப் போனார். மூன்று குடும்பம் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டது. மீதி இருபத்து மூன்று நின்றது. பட்டா கேட்டு எழுதிய மனுக்களுக்கு அந்த வருஷமும் பதில் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. பெங்களூர் முதலாளி தன் வயல்களைச் சுற்றித் தெரு ஓரம்வரை மதில் எழுப்பி அதோடு நின்றுகொண்டார். அருள்ஜோசப் ஒரு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. மேரிராணி டிரெய்னிங்கில் சேர்ந்தாள். அதற்காக அற்புதமேரி காலைக் கூடையோடு மாலைக் கூடையும் சுமந்தாள்.

அறுபத்தொன்பதில், மாம்பழக் காலம் முடிகிற சமயத்தில், பஞ்சாயத்து ஆள் ஒருவன் தார் டப்பாவும் பிரஷ்ஷுமாகத் தெருவுக்குள் நுழைந்தான். தெரு என்று பதிவாகிவிட்டதால் வீடுகளுக்குக் கதவு எண் போட வந்திருந்தான். அற்புதமேரியின் கதவில் ஒன்று என்று எழுதிவிட்டு உள்ளே போனான். எண் இல்லாததால் அங்கே ஒருவருக்கும் அதுவரை ரேஷன் கார்டு இல்லை. அவன் பின்னாலேயே பெண்கள் கூட்டமாக நடந்தார்கள்.

அவன் போன பிறகு நஞ்சம்மா தன் வாசலில் நின்றபடி கூப்பிட்டாள். அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது.

"மேரி, இது எஷ்டு? எத்தனாம் நம்பரு?"

அற்புதமேரி கிட்டே போய்ப் பார்த்தாள். தார் இன்னும் காயவில்லை.

"பதினொண்ணு."

"சரியாப் பாத்துச் சொல்லு."

"பதினொண்ணுதான். ரேஷன் கார்டுக்கு மனு எழுதித் தரவா?"

"பின்ன என்னாத்துக்குக் கூப்பிட்டேன்?" என்று நஞ்சம்மா காகிதம் தேட உள்ளே போனாள். அற்புதமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் கல்லில் உட்கார்ந்தாள்.