முதல் கூடை விழும்வரை

எங்கள் ஊர் கிரெஸ்டனில் கூடைப்பந்துக் கோச்சை வேலையைவிட்டு நீக்கினால், மறுநாளே ஊரே மாவிஸ் கிங்கரின் விமானத்தை வேவு பார்க்க ஆரம்பித்துவிடும்.

மாவிஸ், கட்டிலும் அடுப்பும் வைத்த சுற்றுலா வண்டிகள் செய்யும் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரி. எங்கள் ஊர் டாலிவர் கல்லூரி அணிக்கு அள்ளிக் கொடுப்பவள். புதுக் கோச் எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் அவளுடைய குட்டி வெள்ளை விமானத்தில்தான் வந்து இறங்குவார். அது எங்கே பறக்கிறது என்று இப்போதெல்லாம் போனிலேயே பார்த்துவிடலாம். முடிவெட்டும் லைல் அம்பார்கர், பாதித் தலையை வெட்டிவிட்டு மீதித் தலையோடு ஆளை உட்காரவைத்து, போனில் அந்தப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உட்கார்ந்திருப்பவரும் கோபப்படமாட்டார், எட்டி எட்டி அவரும் பார்ப்பார்.

நான் அந்தக் கல்லூரியின் பேண்ட் வாத்தியார், ஃபே ஆஸ்டென்டார்ஃப். என் குடும்பப் பெயர் பிள்ளைகள் வாயில் நுழையாததால், அதன் முதல் ஆங்கில எழுத்தை வைத்து 'மிஸ் ஓ'. ஆட்டத்தின்போது கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதுவதும் கொட்டுவதும் எங்கள் வேலை. அதிலும் முக்கியமானது ஆட்டம் தொடங்கும்போது அடிக்கும் டிரம். எங்கள் அரங்கில் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் பையன்கள் முதல் கூடையைப் போடும்வரை ஒருவரும் உட்காரக் கூடாது. டிரம் அடிக்க அடிக்க, நின்றபடி கைதட்ட வேண்டும். ஒரு பிப்ரவரியில் முதல் கூடை விழ அநியாயத்துக்கு நேரமாகி, வயதானவர்களுக்கெல்லாம் கால் மரத்துப்போனது. அப்போதும் ஒரு ஆள் உட்காரவில்லை. இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் உண்டான மரியாதை. வேறு எவனுக்காகவாவது அப்படி நின்றால் எங்கள் இந்தியானா மாநிலத்தில் சம்பந்தம்கூடச் செய்ய மாட்டார்கள்.

இந்த முறை நீக்கப்பட்டவர் டேரல் வின்ஸ்லோ. தோற்றதற்காக மட்டும் நீக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியிடம் திரும்பத் திரும்பத் தோற்றுவிட்டு, 'இந்த ஊருக்குக் கூடைப்பந்து தெரியாது' என்று ரேடியோவில் வேறு சொல்லிவிட்டார். இங்கே ஒருவரின் மாமியாரைத் திட்டலாம், தேவாலயத்தைத் திட்டலாம். அதைச் சொல்லலாமா?

அவர் போனதும் அணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உதவிக் கோச் ராய்ஸ் ஹேச்சட்டிடம் வந்தது. தற்காலிகமாகத்தான். ராய்ஸ் இதே கல்லூரியில் ஆடியவர், பதினோரு வருடமாக உதவிக் கோச். புதுக் கோச் வந்தால் தன் ஆட்களைக் கூடவே கூட்டிக்கொண்டு வருவார், பழைய ஆட்கள் பெட்டியைக் கட்ட வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். ராய்ஸுக்குத் தலைமைக் கோச் ஆக வேண்டும் என்ற ஆசை எத்தனை வருட ஆசை என்று எனக்குத் தெரியும். இந்த முறை ஆசை நிறைவேறாவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும்.

அந்த வாரம் அவர் பேண்ட் அறைக்கு வந்து, டூபா வாத்தியம் வைக்கும் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"கென்ட்டைப் பாத்தியா? என்ன சொன்னார்?" என்று கேட்டேன். கென்ட் வைட்லி கல்லூரியின் விளையாட்டு இயக்குநர். கோச்சைத் தேர்ந்தெடுப்பது அவர்தான்.

"ரொம்ப நன்றின்னு சொன்னாரு."

"எதுக்கு நன்றி?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே வந்தேன். வாசல் வரைக்கும் வந்து கை குடுத்து அனுப்பினாரு, ஃபே. துக்க வீட்டுல குடுப்பாங்களே, அந்த மாதிரி."

"நீ வாயைத் திறந்து, எனக்குத்தான் இந்த வேலை வேணும்னு கேட்டியா இல்லியா?"

"கேட்டேன். 'பெரிய பேரா பாக்குறோம்'னாரு." அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, அது கெடக்கட்டும். நான் லூசியானா போறேன். மலாக்கியைப் பாக்க."

மலாக்கி டுப்ரே எங்கள் அணியின் உயிர். வின்ஸ்லோவை நீக்கிய மறுநாளே, வேறு கல்லூரிக்கு மாறப்போவதாகப் பெயரைப் பதிந்துவிட்டு லேக் சார்ல்ஸுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். அவன் போனால் மீதி முக்கிய ஆட்டக்காரர்கள் நான்கு பேரும் போய்விடுவார்கள். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஹாஸ்டலில் கூடி ஒன்றாக முடிவெடுப்பதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்புறம் எந்தக் கொம்பன் கோச்சாக வந்தாலும் காலி அரங்கில் விசில் ஊத வேண்டியதுதான்.

"உன்னை யாரு அனுப்புறா?"

"யாரும் அனுப்பல."

"கையைவிட்டுப் போற வேலைக்காக நீ எதுக்குய்யா அவ்ளோ தூரம் வண்டி ஓட்டணும்?"

"பையன் பட்டம் வாங்காம இங்கேருந்து போக மாட்டான்னு அவங்கம்மா சமையல்கட்டுல உக்காந்து வாக்கு குடுத்தவன் நான். அவங்க வெச்ச மீன் கொழம்பையும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கோச் யாரா இருந்தா என்ன, வாக்கு என்னோடதுதானே?"

அவருடைய ஓட்டை வேனின் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது. எனக்குக் கென்ட்மேல் வந்த கோபத்தில் அன்று பிள்ளைகளைத் தேவைக்கு மேல் திட்டினேன்.

வியாழக்கிழமை காலை மாவிஸின் விமானம் கிளம்பியது. லைல் கடையில் ஒரே கூச்சல். புள்ளி தெற்கே போகிறது, இன்னும் தெற்கே போகிறது, கடைசியில் லேக் சார்ல்ஸில் இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில்தான் டிரிப் கேலவே இருக்கிறார். தொட்டதெல்லாம் ஜெயிக்கும் கோச், டிவியில் சிரித்துக்கொண்டே பேசுபவர், பல் அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

"டிரிப்! நம்ம ஊருக்கு டிரிப்!" என்று லைல் கத்தரியோடு தெருவுக்கு ஓடிவந்ததாகச் சொன்னார்கள்.

மத்தியானம் கென்ட் எனக்குப் போன் செய்தார். "ஃபே, பேண்ட் முழுசா ஏர்ஃபீல்டுக்கு வந்துடணும். யூனிஃபார்மோட."

"வர்றது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, கென்ட்?"

"எல்லாருக்கும்தான் தெரியுமே."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"லைல்தான்" என்றார். "மாவிஸ் போனை எடுக்க மாட்டேங்குறா. நல்ல சேதியா இருந்தா அவ எப்பவும் நேர்லதான் சொல்லுவா."

ஏர்ஃபீல்டு என்றால் சோளக்காட்டு நடுவில் ஒரு ஓடுபாதையும் விமானம் நிறுத்தும் தகரக் கொட்டகையும்தான். கொட்டகைச் சுவரில் ஒரு கூடை மாட்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் உயரமான சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் கூடை மாட்டாமல் விட மாட்டோம். ஊரே மடக்கு நாற்காலிகளோடு வந்திறங்கியது. பிளாஸ்கில் காப்பி, பன்னைவிடப் பெரியதாய் நாலு பக்கமும் தொங்கும் பன்றி வறுவல் சாண்ட்விச், 'வருக டிரிப்' என்று லைல் எழுதிவந்த துணி. மார்ச் காற்று காதைப் பிய்த்தது.

விமானம் இறங்கியது. உருண்டு வந்து நின்றது. நான் கையை உயர்த்தினேன், பிள்ளைகள் கல்லூரிப் பாட்டை முழங்கினார்கள். கதவு திறந்தது.

முதலில் இறங்கியவன் மலாக்கி. தோளில் பை, கக்கத்தில் பந்து. அவனுக்குப் பின்னால், இரண்டு நாள் கசங்கிய சட்டையோடு, காற்றில் கண்ணை இடுக்கிக்கொண்டு ராய்ஸ் இறங்கினார். அவருக்குப் பின்னால் விமானி இறங்கிக் கதவைச் சாத்திவிட்டார்.

பாட்டு ஒவ்வொரு கருவியாகச் செத்தது. கடைசியில் ஒரு டிராம்போன் மட்டும் தனியாக ஊதிவிட்டு வெட்கப்பட்டு நின்றது.

"டிரிப் எங்க?" என்றார் லைல்.

ராய்ஸ் அந்தத் துணியைப் படித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

கொட்டகை ஓரம் நின்ற காரிலிருந்து மாவிஸ் இறங்கிவந்தாள். வயது எழுபதைத் தாண்டியவள், தொழிற்சாலைத் தொப்பியோடுதான் எங்கும் வருவாள். "டிரிப் வர மாட்டான்" என்றாள். "நம்ம பிளேனை அங்க வாசல்ல நிக்கவெச்சுக் காட்டியே அவன் காலேஜ்ல சம்பளத்தை ஏத்திக்கிட்டான். மத்தியானம் போன் பண்ணி, சிரிச்சுக்கிட்டே சாரி சொன்னான்."

"மத்தியானமே தெரியுமா?" கென்ட்டின் குரல் கீச்சிட்டது. "எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, மேடம்!"

"சொல்லியிருந்தா இத்தனை பேரு வந்திருப்பீங்களா?" அவள் ராய்ஸைக் காட்டினாள். "இவனும் உங்களை மாதிரியே போன்ல அந்தப் புள்ளியைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். இவன் வேலையைப் பிடுங்குறவனைக் கூட்டிட்டு வரப் போன பிளேன், மலாக்கி வீட்டுக்குப் பக்கத்துலயே நிக்குது. ஆறு மணிக்குள்ள பையனைக் கொண்டுவந்து சேக்கணும், வேன்ல வந்தா முடியாது. எனக்குப் போன் போட்டு, 'மேடம், கோச் ஏறினப்புறம் ரெண்டு சீட் மிஞ்சுமா'ன்னு கேட்டான். பிளேன் காலியாத்தான் வருது, ஏறுடான்னேன்."

தன் இடத்துக்கு வருபவனோடு ஒரே விமானத்தில் பின் இருக்கையில் உட்கார்ந்து வரவும் தயாராக இருந்திருக்கிறார் இந்த மனுஷன்.

மலாக்கி நேராகக் கென்ட்டிடம் போனான். "சார், நான் பேரை வாபஸ் வாங்கிக்கறேன். ராய்ஸ் கோச்சா இருந்தா."

கென்ட் டையைச் சரிசெய்தார். "ரொம்ப சந்தோஷம், தம்பி. ஆனா கோச் விஷயம் இன்னும் முடிவாகல. கமிட்டி இருக்கு, இன்னும் சில பெரிய பேருங்ககிட்ட..."

கூட்டத்தில் ஒவ்வொருவராக நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்கள். துணியை மடித்துக்கொண்டு லைலும் உட்கார்ந்துவிட்டார். ராய்ஸ் தலையை ஆட்டி, பரவாயில்லை என்பதுபோல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டெஸ், டிரம்மை அடி" என்று எங்கள் டிரம்காரப் பெண்ணிடம் சொன்னேன்.

"எந்தப் பாட்டுக்கு, மிஸ் ஓ?"

"பாட்டு இல்லடி. ஆட்டம் ஆரம்பிக்கிற அடி."

அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

கிரெஸ்டன்காரர்களின் கால் அந்த அடிக்கு யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. லைல் சட்டென்று எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று யோசித்திருப்பார், ஆனால் உட்காரவில்லை. இரண்டு வரிசை எழுந்தது, நாலு வரிசை எழுந்தது, கை தட்டல் டிரம்மோடு சேர்ந்துகொண்டது. எங்கள் ஆட்களுக்கு மட்டும் செய்கிற மரியாதையை ஊர் இப்போது யாருக்குச் செய்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கென்ட்டும் இந்த ஊரில் பிறந்தவர்தான். தன் தீராத முழங்கால் வலியை மறந்து அவரும் தட்டிக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரிந்திருக்காது.

மலாக்கி கொட்டகைச் சுவரைப் பார்த்தான். சிரித்தான். பந்தை ராய்ஸிடம் வீசினான்.

"டேய், நானா? வேணாம்டா" என்றார் ராய்ஸ்.

"கூடை விழுற வரைக்கும் யாரும் உக்கார முடியாது, கோச். பெரியவங்க பாவம்."

ராய்ஸ் வீசினார். பந்து இரும்பில் பட்டுத் தெறித்தது. மறுபடி வீசினார், காற்று அதைச் சோளக்காட்டுப் பக்கம் தள்ளியது. அடுத்தது கூடைக்குக் கிட்டக்கூடப் போகவில்லை.

"கூடை மேல இருக்கு, கோச்!" என்று கத்தினார் லைல்.

"காலேஜ்ல ஆடுறப்பவும் இவன் இப்படித்தான்!" என்றது ஒரு கிழவர் குரல். "சீக்கிரம்பா, என் இடுப்பு போச்சு!"

ஒருவரும் உட்காரவில்லை. டெஸ்ஸின் கை வலித்திருக்கும், அவளும் நிறுத்தவில்லை. மலாக்கி பந்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தான். "முழங்காலை மடக்குங்க. நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

ராய்ஸ் முழங்காலை மடக்கினார். பந்து மேலே போனது, வளையத்தின் பின்விளிம்பில் ஒரு முட்டு முட்டி, யோசித்து, உள்ளே விழுந்தது.

எழுந்த சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அதன் பிறகு, அரங்கில் செய்வதுபோலவே, ஊர் மொத்தமும் தொம்மென்று உட்கார்ந்தது. நாற்காலி இல்லாதவர்கள் புல்லில் உட்கார்ந்தார்கள். என் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். மாவிஸ் தன் காரின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

கென்ட் நாற்காலி கொண்டுவரவில்லை. அந்த முழங்காலோடு தரையிலும் உட்கார முடியாது. ராய்ஸுக்கும் பையனுக்கும் எதிரே, டை காற்றில் படபடக்க, கூட்டத்தில் அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். ஊரே அவரைப் பார்த்தது.

"சொல்லு கென்ட்" என்றாள் மாவிஸ். "எல்லாரும் உக்காந்தாச்சு."

கென்ட் தொண்டையைச் செருமினார். நாற்காலிகளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். பிறகு ராய்ஸிடம் போய்க் கையை நீட்டினார். இந்தத் தடவை அது துக்க வீட்டுக் கை இல்லை.

"நாளைக்குக் காலைல பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுறேன்" என்றார். "வேற நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வாங்க, கோச்."

நான் அழுதேன், மறைக்கவில்லை. லைல் துணியை விரித்து, 'டிரிப்' என்று எழுதிய பாதியை டர்ரென்று கிழித்தார். ராய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாராவது பேசச் சொல்வார்களோ என்று பயந்தவர்போல் அவசரமாகச் சொன்னார். "ஆறு மணி ஆகப்போகுது. ஹாஸ்டலுக்குப் போகணும். யாராவது கொண்டுபோய் விடுறீங்களா? என் வேன் லூசியானாவுல நிக்குது."

ஐம்பது கார்களின் சாவி காற்றில் ஆடியது. ஆனால் அவர் ஏறியது எங்கள் பேண்ட் பஸ்ஸில்தான். நான் விட்டுக்கொடுப்பேனா? ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஊர்க் கார்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வர, வழிநெடுக டிரம் அடித்துக்கொண்டே போனோம்.

நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே சத்தம் ஹாஸ்டலுக்கு எட்டியிருக்க வேண்டும். வாசற்படியில் அந்த நான்கு பையன்களும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.