எல்லோரும் கவலைப்பட்ட இடுப்பு

ஜெயராணிக்கு இடுப்பு வலி என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளைத் தவிர மற்ற எல்லோரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். புருஷன் ஜெரோம் தைலம் வாங்கி வந்தான். பக்கத்து வீட்டுக்காரி தவிட்டு ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். ஜெரோமின் அண்ணன் பால்ராஜ் மட்டும் மருந்து எதுவும் சொல்லவில்லை. அவர் நோயின் மூலத்தையே கண்டுபிடித்துவிட்டார்.

“பொம்பள வேன் ஓட்டுனா இடுப்பு போகத்தான செய்யும்?” என்றார்.

ஆவூரையும் அதைச் சுற்றியிருக்கும் ஊர்களையும் சேர்ந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்க் கீரனூர்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது ஜெயராணியின் வேலை. நாலு வருஷமாக ஓட்டுகிறாள். வேன் அவளுடையது. தன் நகைகளை விற்று வாங்கினாள். அந்த வருஷத் தேர்த் திருவிழாவுக்கு வெறுங்கழுத்தோடு போய் நின்றாள், ஒருத்தர் பார்வைக்கும் அஞ்சவில்லை.

பால்ராஜ் குவைத்தில் பத்து வருஷம் லாரி ஓட்டியவர். திரும்பி வந்ததிலிருந்து அதே வீட்டின் மறுபாதியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் வாசலில் நிற்கும் வேன் நன்றாகத் தெரியும்.

முதலில் ஜெயராணி வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்துத்தான் வைத்திருந்தாள். ஒரு நாள் குளத்தூர் திரும்பும் முக்கில் ஆடு ஒன்று குறுக்கே ஓடிவந்தது. பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினால், இடுப்பு பிடித்துக்கொண்டு கால் சட்டென்று வரவில்லை. வேன் ஆட்டின் மூக்கை உரசுவதுபோல் போய் நின்றது. ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பின்னால் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். ஜெயராணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றதையும் பார்த்தார்கள். பிள்ளைகள் வாயில் எது நிற்கும்? சாயங்காலத்துக்குள் ஊருக்கே சேதி தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பால்ராஜ் பஞ்சாயத்தைக் கூட்டினார். ஜெரோம் ஒரு பக்கம் நின்றான். ஜன்னலோரக் கட்டிலில் மாமனார் அடைக்கலசாமி படுத்திருந்தார். போன தவக்காலத்தில் வலப்பக்கம் வாதம் வந்து விழுந்தவர்; பேச்சு குழறும், ஆனால் காது மட்டும் கூர்மை.

“ஊராங்க பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போற. ஆட்டுக்குப் பதிலா லாரி வந்திருந்தா?” என்றார் பால்ராஜ். “ஒழுங்கா சாவிய என்கிட்ட குடுத்துட்டு வீட்டுல இரும்மா. அப்பாவையும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும்.”

லாரி வந்திருந்தால் என்ற கேள்வி ஜெயராணிக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அதே கேள்விதான் நாலு நாளாக அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அது பால்ராஜ் வாயிலிருந்து வந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“குவைத்துல நீங்க ஓட்டுனப்ப ஒங்க கூட ஓட்டுன ஆம்பளைங்க யாருக்கும் இடுப்பு வலி வந்ததே இல்லையா பெரியத்தான்?”

“வந்திருக்கு. அதுக்கு?”

“அவங்கள வீட்டுல உக்காரச் சொன்னீங்களா?”

பால்ராஜ் தம்பியைப் பார்த்தார். ஜெரோம் சுவரைப் பார்த்தான். அவனுக்கு உரக்கடையில் கணக்கு எழுதும் வேலை. நாள் முழுக்க முதலாளியிடம் தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் அண்ணனிடம் ஆட்டுவான்.

“பேச்சு வேணாம். டாக்டருகிட்ட போ. நிறுத்துன்னு சொன்னா நிறுத்தணும்” என்றார் பால்ராஜ்.

“போறேன். எதை நிறுத்தச் சொல்றாங்களோ அதை நிறுத்திப்புடுறேன். ஆனா அன்னிக்கு ஒருத்தரும் வாய் தொறக்கக் கூடாது” என்றாள் ஜெயராணி. கோபத்தில் சொன்ன வார்த்தை. வேனையே நிறுத்தச் சொல்லிவிட்டால் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

டாக்டரிடம் அவள் ஆடு வந்த மறுநாளே ஜெரோமோடு போயிருந்தாள். கீரனூரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறு இல்லை, ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை மெடிக்கலில் கிடைத்தது. ரெஸ்ட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா டயானாதான் கைரோபிராக்டர் பேச்சை எடுத்தாள். தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். “உமான்னு ஒரு அம்மா இருக்காங்க. கையாலயே அழுத்தி, அசைச்சு, பிடிப்ப எடுத்து விடுறாங்க. எனக்குக் கேட்டுச்சு. ஒங்களுக்குக் கேக்குமான்னு போய்த்தான் பாக்கணும்” என்றாள். கேட்கும் என்று அடித்துச் சொல்லாததாலேயே ஜெயராணிக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை வந்தது.

ஜெரோம் செல்போனில் வீடியோக்களைத் தேடிப் பிடித்துக் காட்டினான். ஒரு தடியன் இன்னொருத்தன் கழுத்தில் துண்டைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தான். படார் என்று சத்தம் கேட்டது.

“ஆத்தாடி! ராணி, இதுக்கா போறேங்குற? கழுத்து கையோட வந்துட்டா?”

“எனக்கு வலி இடுப்புல.”

“நெட்டி முறிக்கிறதுக்குத் திருச்சி வரைக்கும் போகணுமாக்கும்?” என்று மறுபாதி வீட்டிலிருந்து குரல் வந்தது.

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. இசகுபிசகாக எங்காவது அமுக்கி, இருக்கிற நடையும் போய்விட்டால்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தம்மாவும் வேனை நிறுத்து என்று சொல்லிவிட்டால்? போகாமலே இருந்துவிட்டால் யாரும் எதையும் நிறுத்தச் சொல்ல முடியாது. ரெண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த ஆடு ஞாபகத்துக்கு வந்தது. பின்னால் கத்திய பிள்ளைகளும் ஞாபகத்துக்கு வந்தார்கள். பயந்துகொண்டு ஓட்டுவதும் ஒரு ஓட்டா என்று தன்னையே திட்டிக்கொண்டு, சனிக்கிழமைக்கு நேரம் கேட்டு வாங்கினாள். துணைக்கு வருகிறேன் என்ற ஜெரோமை வேண்டாம் என்றாள். போன தடவை கீரனூரில் டாக்டர் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன்தான் பதில் சொன்னான்.

கிளினிக் சின்னதாக, சுத்தமாக இருந்தது. உமாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்கு அடக்க முடியாமல் போகிறதா, காய்ச்சல் உண்டா, எங்காவது விழுந்தீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படுக்கவைத்துக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். பாதத்தால் தன் கையை எதிர்த்து அழுத்தச் சொன்னாள். சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினாள்.

“நான் ஆபரேஷன் பண்ற டாக்டர் இல்லைங்க. நரம்புல ஏதாச்சும் கோளாறு தெரிஞ்சிருந்தா தொடாமலே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். உங்களுக்கு அப்படித் தெரியலை. அசைக்கும்போது டப்புன்னு சத்தம் வரும். எலும்பு உடையுற சத்தம் இல்ல, மூட்டுக்குள்ள இருக்குற காத்து. ரெண்டு நாளைக்கு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். ஒரே தடவையில சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். வேண்டாம்னு தோணினா சொல்லுங்க, அந்த இடத்துலயே நிறுத்திடுவேன்.”

“கழுத்துல மட்டும் கை வைக்கக் கூடாது.”

“கழுத்துல உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே. நான் எதுக்கு வைக்கப்போறேன்?” என்று சிரித்தாள் உமா. “சரி, காலையில எழுந்ததுலேருந்து என்னென்ன பண்ணுவீங்க, சொல்லுங்க.”

“ஏழு மணிக்கு வேன எடுப்பேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒன்னும் இல்லைங்க. வீட்டு வேலதான். சமையல், தண்ணி பிடிக்கிறது, மாமாவ எந்திரிக்க வைக்கிறது.”

“எழுந்திரிக்க வைக்கிறதுன்னா?”

“வாதம் வந்து படுத்திருக்காரு. தூக்கி நாற்காலில உக்கார வைப்பேன்.”

உமா தானே மேஜையில் ஏறி மல்லாந்து படுத்துக் கைகாலைத் தளர்த்திக்கொண்டாள். “நான்தான் உங்க மாமா. எப்படித் தூக்குவீங்கன்னு காட்டுங்க. முழுசாத் தூக்கிடாதீங்க.”

ஜெயராணிக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து, அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து, நாற்காலி இருக்கும் பக்கமாக இடுப்பைத் திருப்பினாள். திருப்பிய அந்த நொடியில் சுளீரென்று பிடித்தது. ஆடு வந்த அன்று பிடித்த அதே இடம். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“காலைல. குளிக்கப் போறப்ப. சாப்பாட்டுக்கு. சாயங்காலம். திரும்பப் படுக்கைக்கு...” சொல்லச் சொல்ல ஜெயராணியின் குரல் மெல்ல இறங்கியது.

“அவர் படுத்தது எப்போ?”

“போன தவக்காலம்.”

“வலி வந்தது?”

ஜெயராணி மாதங்களை எண்ணிப் பார்த்தாள். ஈஸ்டர் முடிந்து வந்தது. நாலு வருஷம் வேன் ஓட்டி வராத வலி. இதை அவளும்தான் கணக்கில் எடுக்கவில்லை. வேன் ஓட்டுவது வேலை, அதனால் வலி வேனால்தான் வரும். மாமனாரைத் தூக்குவது வேலையே இல்லையே, அதனால் எப்படி வலிக்கும்? பால்ராஜ் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் அதிகமாக இருந்தது.

“வேனுக்கு இதுல பங்கே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்” என்றாள் உமா. “முதுகுக்குப் பின்னாடி துண்டைச் சுருட்டி வைங்க. நடுவுல இறங்கி நடங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓட்ட வேண்டாம். பிடிப்பு விட்டதும் காலி வேன்ல பிரேக்கை அழுத்திப் பாருங்க; கால் தயங்காம வந்தாத்தான் பிள்ளைங்களை ஏத்தணும். ஆனா தனி ஆளாத் தூக்குறதை இன்னிக்கே நிறுத்தணும். ரெண்டு பேர் வேணும், போர்வையை அடியில விட்டு.” எப்படி என்று காட்டியும் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் வைத்தியம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விடச் சொல்லி ஓர் அமுக்கு. டப்பென்றது. ஜெயராணி கண்ணை இறுக மூடியிருந்தாள். திறந்து பார்த்தபோது எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் எழுந்து உட்கார யாருடைய கையும் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பால்ராஜ் வாசலிலேயே நின்றார்.

“என்ன சொன்னாங்க? நிறுத்தச் சொல்லிட்டாங்கல்ல?”

“சொல்லிட்டாங்க.”

“நான்தான் அப்பவே சொன்னேனே” என்று அவர் கையை நீட்டினார், சாவிக்காக.

ஜெயராணி அவரைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மூட்டையைப் பற்றிப் பேசுவதுபோல் மாமனாரின் தலைக்கு மேலே பேச அவளுக்கு மனசில்லை. முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

“மாமா, இனிமே ஒங்கள நான் தூக்க மாட்டேன். அதாலதான் எனக்கு இடுப்பு போச்சு. கோவிச்சுக்காதீங்க.”

அடைக்கலசாமியின் கண் கலங்கியது. “தெரியும்த்தா” என்றார் குழறலாக. “தூக்குறப்ப... நீ மூச்ச அடக்குவ. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?”

“ஒன்னைய விட்டா... இவனுங்க தூக்குவானுங்களா?”

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது அவளுக்கு. மாமனார்மேல் அவளுக்குப் பாசம் உண்டு. அந்தப் பாசத்தை நம்பித்தான் எல்லோரும், இவர் உள்பட, வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ரெண்டு பேர் வேண்டும், போர்வை வேண்டும், யார் எங்கே பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“இது என்ன கூத்து?” என்றார் பால்ராஜ். “இதுக்குன்னு ஒரு ஆள வச்சா என்ன சம்பளம் கேப்பாங்க தெரியுமா?”

“சம்பளம் குடுக்கணும்னா அது வேலதான பெரியத்தான்? இத்தன நாளா நான் வீட்டுல சும்மா இருந்தப்ப செஞ்சதுன்னுல்ல நெனச்சேன்.”

பால்ராஜ் தம்பியைப் பார்த்தார். இந்த முறை ஜெரோம் சுவரைப் பார்க்கவில்லை. கூச்சத்தோடு போய் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்தான். “வாண்ணே. நீ கால் பக்கம் பிடி” என்றான்.

மறுநாள் சாயங்காலம் அவள் காலி வேனை எடுத்துக்கொண்டு குளத்தூர் முக்கு வரை போய், ஆள் இல்லாத இடத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். உடம்பு கனத்துக் கிடந்தது, கால் தயங்கவில்லை.

திங்கட்கிழமை காலை துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேனைக் கிளப்பும்போது உள்ளேயிருந்து பால்ராஜின் குரல் கேட்டது.

“ஜெயராணி! எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியல. ஒரு நிமிசம் வந்து பிடிச்சுட்டுப் போம்மா!”

அவள் கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. ஒரு கால் வெளியே தொங்கியது. ஒரு நிமிஷம்தானே? இத்தனை நாளும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு நிமிஷமாகத்தான் இருந்தது.

“அவ வர மாட்டா” என்று குழறிய குரல் உள்ளிருந்து சத்தமாக வந்தது. “ஒங்கப்பன்டா நானு. நீ பிடி.”

ஜெயராணி காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். முதல் கியரைப் போட்டாள்.