ரெண்டு காலண்டரிலும் ஒரே வட்டம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தையல்நாயகி மில் ஆபீஸுக்குள் நுழைந்தபோது அவளுடைய மேசைமேல் டைப்ரைட்டர் இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த ஐந்து மாதத்தில் இது ஐந்தாவது தடவை. எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பின்பக்கக் கோடவுனில் ஒரு எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் வைத்திருப்பார்கள்.

வைத்திருந்தார்கள். விழுப்புரத்தில் அந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில்லைத் தாண்டிப் போகிறவன்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவான். கோடவுனுக்குள்ளே கேட்கவா வேண்டும்? புளித்த பிண்ணாக்கு வாடை, நனைந்த சாக்கு வாடை, டைப்ரைட்டர் கட்டைகளுக்கு நடுவில் புத்தம்புதிய எலிப்புழுக்கை. அதைப் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டு, அதே விரலால் "மதிப்பிற்குரிய ஐயா" என்று அடிக்க வேண்டும். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமைதோறும் ஆபீஸில் பூஜை. முதலாளி சென்னையில் இருந்தாலும் அவர் வைத்த சட்டம் இங்கே நடந்துகொண்டிருக்கும். மேனேஜர் ராஜாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லட்சுமி படத்துக்குச் சூடம் காட்டுவார். தையல்நாயகி மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை அந்தப் பூஜையில் நிற்பாள். நாலாவது வெள்ளிக்கிழமை அவளுக்குக் கோடவுன். "நீ அங்கியே உக்காந்து அடிம்மா, இங்க சந்தடியா இருக்கும்" என்று ராஜாமணி சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிப்பதில்லை. அந்த நாலாவது வெள்ளி ஒரே ஒரு மாதம் தவிர எப்போதும் அவள் வீட்டுக்குத் தூரமாக இருக்கிற வெள்ளியாகவே அமைவதும் பிடிக்கவில்லை. இவருக்கு எப்படித் தெரிகிறது?

வீட்டில் தெரியும். அவள் புகுந்த வீடு இருக்கும் திண்டிவனத்தில் அது ஊரறிந்த சம்பிரதாயம். அன்றைக்குக் காலையில் மாமியார் அஞ்சம்மாளிடம் "அத்த, நான் இன்னிக்குத் தூரம்" என்று சொல்லிவிட்டால் போதும். மாமியார் அடுப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள். மூன்று நாள் பின்பக்கத்து ஓலைச் சாய்ப்பில் தனிப்பாய், தனித்தட்டு. நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். தையல்நாயகிக்கு இது புதிதில்லை, முகையூரில் அவள் அம்மா வீட்டிலும் இதே கதைதான். பொறுத்துக்கொண்டாள். வீட்டு விஷயம் வீட்டோடு போகிறது என்றல்லவா நினைத்திருந்தாள்!

அன்றைக்குக் கார்பன் பேப்பர் தீர்ந்துவிட்டது. எல்லாரும் பூஜையில் நிற்கிற நேரம் பார்த்து மேனேஜர் அறைக்குள் போனாள். மேசைக்குப் பின்னால் காலண்டர். மில்லே அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்த காலண்டர்தான், அவள் வீட்டுச் சுவரில் தொங்குவதும் அதுவேதான். மே மாதத்தில் பதிமூன்றாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

அவள் கை தானாகத் தாளைப் புரட்டியது. ஏப்ரலில் பதினைந்து, வட்டம். பிப்ரவரியில் பதினெட்டு, வட்டம். மார்ச்சில் மட்டும் இருபத்தைந்து, வட்டம்.

மார்ச்சில் அவளுக்குப் பதினெட்டு. மாமியார் கண்ணாடி போடாமல் ஒரு கட்டம் கீழே இறக்கி இருபத்தைந்தில் வட்டம் போட்டிருந்தாள். அதை அவள் வீட்டுச் சுவரிலேயே பார்த்துச் சிரித்திருக்கிறாள். அந்தத் தப்பு வட்டம் இங்கேயும் வந்திருக்கிறது. அதனால்தான் மார்ச்சில் தூரமான வெள்ளிக்கிழமை பூஜையில் நிற்கவைத்தார்கள். குளித்து முழுகிச் சுத்தமாக வந்த அடுத்த வெள்ளிக்கிழமை கோடவுனுக்கு அனுப்பினார்கள்!

வீட்டுச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு வட்டத்தைச் சுமந்துகொண்டு வரக்கூடியவன் உலகத்தில் ஒரே ஒருத்தன்தான். அவள் புருஷன் சீனுவாசன். மில் வாசலில் எடைபோடும் இடத்தில் கணக்கெழுதுகிறவன். காலையில் இரண்டு பேரும் ஒரே ரயிலில்தான் வருவார்கள். இறங்கியதும் அவன் ஸ்டாண்டில் இருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவான். "நீ நடந்து வா தையலு, ஒடம்புக்கு நல்லது" என்பான். அவள் நடந்து வருவதற்குள் டைப்ரைட்டர் கோடவுனுக்குப் போய்விடும்.

வெளியே களத்தில் முப்பது பெண்கள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் குப்பம்மாள் என்கிறவள் கொஞ்சம் வாய்க்காரி. தையல்நாயகி அவள் பக்கத்தில் போய் நின்று, "உங்களுக்கும் தேதி குறிச்சு வெக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

"எங்களுக்கா?" குப்பம்மாள் சிரித்தாள். "எங்கள எவன் கணக்கெடுப்பான், டைப் அம்மா? பூஜ ரூம்புக்குள்ளயே உடமாட்டாங்க. ஆனா நாங்க மூணு நாளும் இங்கதான் உக்காந்து ஒடைக்கிறோம். நாங்க தொட்ட கொட்டையிலதான் எண்ண, அந்த எண்ணயிலதான் சாமிக்கு வௌக்கு." கையிலிருந்த தோலைத் தூக்கி எறிந்தாள். "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை இன்னாத்துக்குக் காயுதாம்? உன் தேதியில மேனேஜருக்கு இன்னா வேல?"

சாயங்காலம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தையல்நாயகி நேராகக் கேட்டுவிட்டாள். சீனுவாசன் மறைக்கக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்னத் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினான். காப்பி கடை பில்லின் பின்பக்கம், வரிசையாகத் தேதிகள்.

"அம்மா போட்டதும் இதுல குறிச்சுக்குவேன். போனதும் மேனேஜர்கிட்ட சொல்லுவேன். அவரு அங்க போட்டுக்குவாரு. மொதலாளி சொல்லியிருக்காரு தையலு, தீட்டு பட்டா எண்ண கசந்துடுமாம். உனக்கு வேல போட்டுக் குடுத்ததே இந்தக் கண்டிஷன்லதான்."

"மார்ச்சுல அத்த தப்பா போட்டாங்க. நான் மூணு நாளு சாய்ப்புலதான உக்காந்திருந்தேன்? உங்க கண்ணு முன்னாடிதான?"

"காலண்டர்ல இருபத்தஞ்சுன்னு இருந்திச்சே" என்றான் அவன். "ரெண்டும் ஒண்ணா இருக்கணும். வித்தியாசம் வந்தா என்னத்தான கேப்பாங்க."

பாருங்கள் இந்த அநியாயத்தை! கட்டின பெண்டாட்டி கண்ணெதிரே பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போகிறாள், இந்த மகராசன் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் அழுவது?

"ஏங்க, கேட்டுக்கங்க" என்றாள் தையல்நாயகி. "இது என் ஒடம்பு. வூட்டுல தெரியறதே எனக்குக் கூச்சம். அந்த ராஜாமணி என்னப் பாத்து சிரிக்கும்போதெல்லாம் என் புடவைய அவுத்துப் பாக்கற மாதிரி இருக்குது. இனிமே ஒரு தேதி அங்க போவக் கூடாது. போச்சுன்னா, உங்களோட நான் வாழறதுல அர்த்தமே இல்ல. முகையூருக்குப் போயிடுவேன்."

"சரி, சரி, கத்தாத. இனிமே சொல்ல மாட்டேன்" என்று அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். மயிலம் ஸ்டேஷனில் இறங்கி அவளுக்குக் கொய்யாப்பழம்கூட வாங்கி வந்தான். அவளும் நம்பித் தின்றாள்.

ஜூன் பத்தாம் தேதி மாமியார் வட்டம் போட்டாள். பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை தையல்நாயகி மில்லுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மேசை காலி.

கோடவுனுக்குப் போகிற வழியில் ராஜாமணி நின்றுகொண்டிருந்தார். "வெக்கப்படாதம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "நான் உனக்கு அப்பன் மாதிரி." அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்பினால் வேலை போய்விடும் என்று விழுங்கினாள். சீ, அந்த எச்சில் தொண்டையில் இறங்கிய விதத்தை அவள் சாகிறவரை மறக்க மாட்டாள்.

மார்ச் மாதத்து வட்டம் அவளுக்கு வழி காட்டியது. ஒரு வாரம் தள்ளிப் போட்டாலும் இவர்களுக்குத் தெரியப்போவதில்லை. சுவர் சொன்னால் சரிதான்.

ஜூலையில் எட்டாம் தேதி வந்தது. வீட்டில் சொல்லவில்லை. விழுப்புரம் மெடிக்கல் ஷாப்பில் பேப்பர் சுற்றிக் கொடுக்கிற பாக்கெட் ஒன்றை வாங்கிப் பையின் அடியில் போட்டுக்கொண்டாள். அடுப்பில் நின்று கேப்பைக்களி கிண்டினாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சீனுவாசன் விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டான். வெள்ளிக்கிழமை பூஜையில் ராஜாமணி அவளையே கூப்பிட்டு மணி அடிக்கச் சொன்னார். அடித்தாள். அடுத்த புதன், பதினைந்தாம் தேதி, "அத்த, நான் தூரம்" என்றாள். சிவப்பு வட்டம். மூன்று நாள் சாய்ப்பில் நிம்மதியாகக் கால்நீட்டிப் படுத்தாள். வெள்ளிக்கிழமை கோடவுன். ஆகஸ்டிலும் அப்படியே, செப்டம்பரிலும் அப்படியே. எண்ணெய் கசக்கவில்லை. மாமியாருக்குப் பேதி ஆகவில்லை. இத்தனை நாள் இவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்று அவளுக்கு அருவருப்பு இன்னும் கூடியது.

ஆயுத பூஜை அக்டோபர் முதல் தேதி வந்தது. முதலாளி சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். செக்கு மிஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும். களத்துப் பெண்களைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். ராஜாமணி சூடத்தட்டை எடுத்துத் தையல்நாயகி கையில் கொடுத்தார்.

"இந்த மாசம் வட்டமே இல்ல மொதலாளி. சுத்தமான பொம்பள. இவ கையால மிஷினுக்குக் காட்டட்டும்" என்றார். அவள் காட்டினாள். முதலாளி இரண்டு கையாலும் சுடரை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

அத்தோடு ராஜாமணி வாயை மூடியிருக்கலாம். முதலாளியிடம் நல்ல பேர் வாங்கவேண்டுமே! உள்ளே போய்க் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அத்தனை பேருக்கு நடுவில் தாள்களைப் புரட்டிக் காட்டினார். லாரி டிரைவர் எட்டிப் பார்த்தான். "பாருங்க மொதலாளி, ஜனவரிலேருந்து ஒண்ணு விடல. அவங்க வூட்டுக் காலண்டரும் இதே மாதிரி இருக்கும். எல்லாம் நம்ம சீனு வேலதான். தங்கமான பையன்."

முதலாளி சீனுவாசனின் தோளைத் தட்டினார். சீனுவாசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தையல்நாயகி தட்டை மிஷின்மேல் வைத்தாள்.

"சார், எனக்கு நேத்துலேருந்து தூரம். இன்னிக்கு ரெண்டாம் நாளு" என்றாள், கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "மூணு மாசமா உங்க காலண்டர்ல இருக்கறது எல்லாம் பொய்த் தேதி. மணியடிச்சதும் தூரத்துலதான், தீபம் காட்டுனதும் தூரத்துலதான். எண்ணய நக்கிப் பாருங்க, கசக்குதா?"

முதலாளியின் கை இன்னும் கண்ணருகே இருந்தது. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சட்டையில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டார். ராஜாமணி துண்டால் நெற்றியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார். வெளியே குப்பம்மாள் முதலில் சிரித்தாள், அப்புறம் முப்பது பேரும் சிரித்தார்கள்.

வேலை அந்த நிமிஷமே போய்விட்டது. அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். அவளுக்குத் தெரியவேண்டியது வேறொன்று. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். இத்தனை பேர் முன்னால் காலண்டரைப் பிரித்து வைத்தபோது புருஷனுக்கு உறைத்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும். உறைத்திருந்தால் திண்டிவனம். இல்லையென்றால் முகையூர்.

ஒரு மணி நேரம் கழித்துச் சீனுவாசன் வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை, வேட்டி அவள்மேல் படாமல் நாலடி தள்ளி நின்றான். முகம் வெளிறியிருந்தது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அழுதாலும் அழுவான் என்று ஒரு மூலையில் ஆசைகூட இருந்தது.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்தான்.

"மேனேஜர் எனக்கு வேல இருக்குன்னுட்டாரு" என்றான். "ஆனா எந்தெந்தப் பூஜைக்குத் தீட்டு பட்டுச்சுன்னு ஐயருக்குச் சொல்லணுமாம், பரிகாரம் பண்ண. சரியான தேதிங்கள வாங்கிக்கினு வரச் சொன்னாரு. அம்மா காலண்டர்லயும் திருத்திடணும். ஜூலைலேருந்து சொன்னா போதும்."

நாலு வருஷமாக இவன் பக்கத்தில் படுத்திருக்கிறோமே என்று நினைத்தபோது தையல்நாயகிக்கு உடம்பெல்லாம் கூசியது. த்தூ என்று தண்டவாளத்தில் துப்பினாள். இந்தத் தடவை விழுங்கவில்லை.

திண்டிவனம் போகிற பாசஞ்சர் வந்து நின்றது. சீனுவாசன் வழக்கம்போல் முண்டியடித்து ஏறி ஜன்னலோர இடம் பிடித்தான். அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனை விட்டு வெளியே போகிற படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். முகையூர் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருந்தது.

வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தாளை ஆட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அவன் கத்தினான்.

"ஏய் தையலு! ஜூலையில எத்தினியாம் தேதி? அத மட்டும் சொல்லிட்டுப் போ!"